படுக்கையருகே ஒரு யாழ்



கவியரங்கில் நம் வரி ஒன்றை இன்னொரு முறை படிக்கச் சொல்லி யாரேனும் கேட்டுவிட்டால், அன்றிரவு நமக்கு உறக்கம் வருவதில்லை. கைதட்டலால் வளர்ந்தவர்கள் நாம். கைதட்டவே இயலாத ஒருவருக்காக மீட்டப்படும் இசையைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

மேலைநாட்டார் ஹார்ப் என்று கூறும் கருவி நம் யாழுக்கு உறவு. வீணையில் ஒரே தந்தியை விரலால் அழுத்திப் பல சுரங்களை எழுப்புகிறோம். யாழில் நரம்புக்கு ஒரு சுரம். மீட்டிவிட்டால் ஒலி தானே தேய்ந்து அடங்கும். தேய்கின்ற ஒலியின்மேல் அடுத்த ஒலி வந்து அமரும். நோயாளிக்கு இக்கருவி ஏற்றதாவதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் எண்ணம். மடியில் வைத்து மீட்டத்தக்க சிறிய ஹார்ப்புகளும் உண்டு.

அமெரிக்காவின் டென்வர் நகரில், 1970களில், தெரேஸ் ஷ்ரோடர்-ஷீக்கர் என்னும் இளம்பெண் முதியோர் இல்லமொன்றில் பணிவிடை செய்துவந்தார். அங்கே நுரையீரல் நோயால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். மருத்துவம் செய்வதற்கு இனி ஏதுமில்லை. அப்பெண் கட்டிலில் ஏறி, அவர் பின்னே அமர்ந்து, அவரைத் தம்மேல் சாய்த்துக்கொண்டு, தாம் அறிந்த பழைய கிரெகோரியன் இறைப்பாடல்களை மெல்லப் பாடினார். திணறல் தணிந்தது. இருவர் மூச்சும் ஒன்றுபோல் இயங்கலாயிற்று. முதியவர் அமைதியாக உயிர்நீத்தார். இதனை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அன்று அந்த அறையில் யாழ் இல்லை, குரல் மட்டுமே. பிரான்சு நாட்டுக் க்ளூனி மடத்தில், 11ஆம் நூற்றாண்டில், உயிர்பிரியும் துறவியைச் சூழ்ந்து மற்றவர்கள் பாடும் வழக்கம் இருந்தது. அவ்வழக்கத்தை ஆராய்ந்து, குரலோடு ஹார்ப்பையும் சேர்த்து, இதனை ஒரு பணியாகவே அவர் வளர்த்தார். 1992இல் மொன்டானா மாநிலத்து மிசூலா நகரில், புனித பேட்ரிக் மருத்துவமனையில் இப்பணி வேரூன்றியது; இதற்கென ஒரு பள்ளியும் நடந்தது. பிற நோயாளிகளுக்கு வாசிக்கப் பயிற்சி தரும் அமைப்புகளும் பின்னர்த் தோன்றின.

கவிஞர்கள் கருதவேண்டியது அவர்கள் மீட்டும் முறை. கட்டிலின் இருபுறமும் இருவர் அமர்வதுண்டு. முதலில் மூச்சைக் கவனிக்கிறார்கள். மூச்சு விரைந்தால் இசையும் அதனோடு புறப்படுகிறது. பிறகு சிறிது சிறிதாகத் தளர்கிறது. மூச்சு ஒழுங்கு தவறினால் தாளத்தையே விட்டுவிடுகிறார்கள். மூச்சு நின்று நின்று வரும்போது இசைக்கு நடுவிலும் நீண்ட மௌனம். தாளம் நோயாளியுடையது, கலைஞர் அதற்கு உடன்படுகிறார்.

இன்னொன்று என்னை வெகுநாள் சிந்திக்க வைத்தது. இறக்கும் நிலையில் இருப்பவருக்குப் பழகிய பாட்டைப் பெரும்பாலும் அவர்கள் தவிர்க்கிறார்கள். பழகிய பாட்டு திருமணத்தை, பிள்ளைகளை, வாழ்ந்த வீட்டை நினைவூட்டும். புறப்பட்டவரை மீண்டும் வாசலுக்குள் இழுக்கும். தேறிவருபவருக்கு அதே பாட்டு நல்லது. நினைவைக் கிளறுவதே தொழிலாகக் கொண்ட நமக்கு இது எளிதில் செரிக்காது.

இதனால் நோய் தீருமா என்று கேட்பீர்கள். தீராது. தீரும் என்று விளம்பரம் செய்பவரை நான் நம்புவதில்லை. அச்சத்தையும் தனிமையையும் சிறிது தணிக்கும், அவ்வளவே.

இது நமக்கு அந்நியமா? புறநானூற்று 281ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். அரிசில்கிழார் பாடியது. புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, அவன் மனைவி தோழியை அழைக்கிறாள். மனையில் இரவமும் வேம்பும் செருகுகிறார்கள், ஐயவி சிதறுகிறார்கள், நறும்புகை எழுப்புகிறார்கள், காஞ்சிப் பண் பாடுகிறார்கள். பிற இயங்களோடு அங்கே யாழும் ஒலிக்கிறது. மலைபடுகடாத்தில், புலி பாய்ந்து புண்ணுற்ற கணவர்க்காகக் கொடிச்சியர் பாடுகிறார்கள். பேய் அணுகாமல் காத்தல் என்று உரையாசிரியர்கள் பொருள் கூறுவார்கள். கூறட்டும். வலியில் கிடப்பவனை ஒலியின்றித் தனியே விடக்கூடாது என்றும் அவர்கள் அறிந்திருந்தனர் என்பேன்.

யாழ் வழக்கொழிந்து நெடுங்காலமாயிற்று. 1947இல் வெளிவந்த யாழ் நூலில் விபுலானந்த அடிகள் அதன் இலக்கணத்தை மீட்டுத் தந்தார். இந்நாளில் மீண்டும் யாழ் செய்து பார்ப்போரும் உளர். ஆனால் அந்தப் படுக்கை?

தொட்டிலுக்குத் தாலாட்டு வைத்திருக்கிறோம். அது குழந்தையின் மூச்சறிந்து தளரும் பாட்டு. இறந்தபின் பாட ஒப்பாரி இருக்கிறது. இரண்டுக்கும் இடையே, மருத்துவமனைக் கட்டிலில் மூச்சு எண்ணப்பட்டுக் கிடக்கும் அந்த மூன்று நாள்களுக்கு நம்மிடம் என்ன பாட்டு இருக்கிறது? நம் கவிஞர்கள் அதற்கென ஒன்று எழுத முடியுமா? எந்த இடத்தில் நிறுத்தினாலும் குறைபடாத பாட்டாக, எவரையும் எங்கும் இழுக்காத சொற்களால் அது அமைய வேண்டும். எழுதியவர் பெயர் கேட்பவருக்குத் தெரியவும் போவதில்லை. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் இதனை எடுத்துக்கொள்ளலாமா என்று தலைவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.