மேளகர்த்தாவை நாடிய மான்செஸ்டர் இசையமைப்பாளர்



வெள்ளைக்காரர் சங்கீதம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது பேண்டு வாத்தியம்தான். சென்னைக் கோட்டையில் முழங்கிய பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளிலேயே நொட்டுசுர சாகித்தியங்களைப் பாடிவைத்தார் முத்துசுவாமி தீட்சிதர். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுகூட அவர் வாக்கில் அம்பாள் துதியாயிற்று. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கற்று நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். இப்படி அங்கிருந்து இங்கே வந்த கதை நமக்குத் தெரியும். இங்கிருந்து அங்கே ஏதாவது போயிற்றா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் 1880-இல் பிறந்தவர் ஜான் ஃபௌல்ட்ஸ். அந்நகரின் புகழ்பெற்ற ஹாலே வாத்தியக் குழுவில் 1900-இல் செல்லோ வாசிக்கச் சேர்ந்தார். செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த வாத்தியம். உருவில் பெரியது, குரலில் கனமானது. வயிற்றுப் பாட்டுக்காக அவர் எழுதிய இலகுவான மெட்டுகள் ஊரெங்கும் ஒலித்தன. ஆனால் உள்ளம் தோய்ந்து எழுதியவற்றைக் கேட்க ஆள் குறைவு. முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக அவர் இயற்றிய 'உலக இரங்கல்' என்னும் பேரிசை, 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறியது. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது மௌனமாகிவிட்டது.

இவரை நம் பக்கம் திருப்பியவர் அவருடைய துணைவியார் மாட் மெக்கார்த்தி. அயர்லாந்தில் பிறந்த வயலின் மேதை அவர். அன்னி பெசன்ட் அம்மையாரோடு இந்தியாவுக்கு வந்து, தென்னாட்டுச் சங்கீதத்தை முறையாகப் பயின்றார். 1915-இல் இருவரும் சந்தித்தனர். அவர் வழியாகத்தான் மேளகர்த்தா ஃபௌல்ட்ஸுக்கு அறிமுகமாயிற்று.

மேளகர்த்தா என்றால் என்ன? சட்ஜமும் பஞ்சமமும் அசையாத சுரங்கள். கீழே ரிஷப காந்தாரங்கள் ஆறு விதமாகச் சேரும். மேலே தைவத நிஷாதங்களும் ஆறு விதமாகச் சேரும். ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு. மத்தியமம் இரண்டு ஆதலால் எழுபத்திரண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த கணக்கு இது. ஐரோப்பியரோ பல தலைமுறைகளாகப் பெரும்பாலும் இரண்டு வகைகளிலேயே புழங்கி வந்தனர். ஒன்று நம் சங்கராபரணம் போன்றது. மற்றொன்று கீரவாணி, நடபைரவி சாயலுடையது. எழுபத்திரண்டு கதவுள்ள வீட்டில் இரண்டு கதவை மட்டும் திறந்து வைத்திருந்தால் எப்படி? மற்றக் கதவுகளையும் திறந்து பார்க்க ஃபௌல்ட்ஸ் துணிந்தார். பியானோவுக்காக அவர் எழுதிய சில ஆய்வுத் துண்டுகள் இப்படிப் பிறந்தவை. 'மூன்று மந்திரங்கள்' என்னும் படைப்பின் இறுதிப் பகுதியில், முழு வாத்தியக் குழுவும் ஏழே சுரங்களுக்குள் நின்று முழங்குகிறது. அன்னிய சுரம் ஒன்றுகூடக் கிடையாது!

மேல்நாட்டில், சிறு கூடத்தில் நாலைந்து பேர் மட்டும் அமர்ந்து வாசிக்கும் இசை ஒன்று உண்டு. பேண்டு இசை மைதானத்துக்கு என்றால், இது செவிக்கு அருகில் பேசுவது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நால்வருக்காக 1931, 1932-ஆம் ஆண்டுகளில் ஃபௌல்ட்ஸ் எழுதிய படைப்பில், அரைச் சுரத்தையும் பாதியாக்கிய கால் சுரங்கள் ஒலிக்கின்றன. பியானோ கட்டையில் அகப்படாத ஒலிகள் அவை.

1935-இல் அவர் இந்தியாவுக்கே வந்துவிட்டார். டில்லி அகில இந்திய வானொலியில் ஐரோப்பிய இசைப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். நம் வாத்தியக் கலைஞர்களைச் சேர்த்துக் குழு அமைத்தார். இந்தக் காலத்தில்தான் ஆர்மோனியத்தைக் கண்டித்து எழுதினார். கட்டைக்குக் கட்டை தாவும் ஆர்மோனியத்தில் கமகம் அசையாது, நுண்சுருதி நிற்காது என்பது அவர் வாதம். 1940-இல் வானொலி ஆர்மோனியத்தை விலக்கியதற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற தடை அது.

நேயர்களே, இதை எப்படி எடுத்துக்கொள்வது? பாகான் டாலாம் போன்ற நம் ஊர்களில் பஜனை என்றால் நடுவில் ஆர்மோனியம் இருக்கும். பத்துப் பேரை ஒரே சுருதியில் பாடவைக்க அதுபோல் கைகொடுப்பது எது? ஃபௌல்ட்ஸ் சொன்ன குறை உண்மை. ஆனால் குறையுள்ள வாத்தியத்தை விலக்கியதில் குறையில்லாத கலைஞர்களும் அல்லவா விலக்கப்பட்டார்கள்? வாத்தியத்தின் எல்லையை அறிந்து வாசிப்பது வேறு, வாயிற்கதவை அடைப்பது வேறு.

1939 ஏப்ரலில் கல்கத்தா நிலையத்துக்குச் சென்ற ஃபௌல்ட்ஸ், சில நாட்களிலேயே காலராவுக்குப் பலியானார். இந்தியாவில் எழுதியவற்றில் பல காணாமற்போயின. கிழக்கையும் மேற்கையும் இணைத்து அவர் எழுதிய சிம்பொனி இன்றுவரை கிடைக்கவில்லை. எஞ்சிய கையெழுத்துப் படிகளை 1970-களில் மால்கம் மெக்டொனால்ட் என்னும் இசை ஆய்வாளர் தேடியெடுத்தார். நால்வர் இசையை எண்டெலியன் குழு இசைத்தட்டாக்கியது. 'மூன்று மந்திரங்கள்' 1993-இல் பாரி வேர்ட்ஸ்வர்த் தலைமையில் வெளியான தட்டில் வந்தது. 2007 நவம்பரில் 'உலக இரங்கல்' அதே ஆல்பர்ட் மண்டபத்தில் மீண்டும் ஒலித்தது, ஒலிப்பதிவும் ஆயிற்று.

எழுதிவைத்த இசைக்கே இந்தக் கதி என்றால், எழுதாத இசை என்னாகும்? தோட்டத்துப் பாட்டிமார் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும், கோயில் திருவிழாவில் முழங்கும் நாதஸ்வரமும் ஏட்டில் இல்லை. பாடுகிறவர், வாசிக்கிறவர் நெஞ்சில்தான் இருக்கின்றன. இன்று ஒலிப்பதிவுக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வீட்டுப் பெரியவரை அமர்த்தி, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் நாளையும் மறவாமல் குறித்து வையுங்கள். பின்னால் வருகிறவர்கள் தேடும்போது அது கையில் கிடைக்கட்டும்.