பூஜ்யத்துக்குக் குறையாத பூஜ்யம்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! தாம்பரத்திலிருந்து ரயிலேறி வந்திருக்கிற என் ஊர்க்காரர்களே!

நொடித்துப்போன கம்பெனிகளுக்கான புதிய திவால் சட்டம் எளியவனைக் காக்கிறதா? காக்கவில்லை என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர், "முன்னே மாதிரி இழுபறி இல்லை, இப்போ வேகம்"னு சொன்னார். ஒத்துக்கறேன். எங்க பெருங்களத்தூரில் ஹெரால்டு கார் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்ததே! 1988-இல் உற்பத்தி நின்றது. மிச்சமிருந்த சரக்கு ஏலத்துக்கு வந்தது 2006-இல். மூடின அன்னிக்குப் பிறந்த பிள்ளைக்கு ஓட்டுப் போடற வயசு வந்துடுச்சு! (சிரிப்பு)

2016-இல் புதுச் சட்டம் வந்தது. 330 நாளுக்குள் முடிக்கணும்னு 2019-இல் திருத்தினார்கள். நல்ல சட்டம்தான். பந்தி நல்ல பந்திதான். இலை கிடைக்காதவனுக்கு என்னய்யா பிரயோஜனம்?

குரோம்பேட்டையில் என் அண்ணன் லேத் பட்டறை வைத்திருந்தார். ஒரு பெரிய கம்பெனிக்கு, பேர் வேண்டாம், பாகங்கள் கடைந்து கொடுத்தார். ஒன்பது லட்சம் பாக்கி. கம்பெனி படுத்துவிட்டது. வக்கீல் சொன்னார்: "இந்தத் தொகைக்கு நீங்க திவால் வழக்குப் போட முடியாதுங்க." 2020 மார்ச்சில் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக்கிவிட்டார்கள்!

அப்புறம் வங்கி வழக்குப் போட்டது. கம்பெனி யாருக்கு, பணம் எவ்வளவு என்று தீர்மானிப்பது கடன் கொடுத்தவர்கள் குழு. அதில் வங்கிக்கு ஓட்டு உண்டு. சரக்குக் கொடுத்தவனுக்கும் சம்பள பாக்கிக்காரனுக்கும் கிடையாது.

"கலைத்தால் தொழிலாளிக்கு 24 மாதச் சம்பளம், அடமான வங்கிக்குச் சமமான வரிசையில்" என்கிறார் நண்பர். உண்மை. என் அண்ணனுக்கு அந்த வரிசையும் இல்லை. கம்பெனியைக் கலைத்து விற்றால் கிடைக்கிறதுக்குக் குறையாமல் தரணும், அவ்வளவுதான். வங்கிக்குப் போக மிச்சமே இல்லேன்னா? பூஜ்யத்துக்குக் குறையாமல் பூஜ்யம்! (கைதட்டல்)

கம்பெனி பிழைத்தது. போர்டு மாறியது, கேட் திறந்தது. அண்ணி வளையலை அடகு வைத்து, பட்டறைப் பையன்கள் மூணு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். அண்ணன் லேத்தை விற்றார்.

கம்பெனியைக் காப்பாற்றுங்கள், வேண்டாம்னு சொல்லலை. அதைத் தாங்கி நின்ற சின்னப் பட்டறைக்கும் அந்தக் குழுவில் ஓர் ஓட்டுக் கொடுங்கள். அதுவரைக்கும் இந்தச் சட்டம் எளியவனுக்குத் துணை என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.