குழந்தைகளின் காவலர்
(உடையார்பாளையத்தில் ஊராட்சி உறுப்பினர், மகளிர் குழுவினர் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

முந்திரி காய்க்கும் பருவத்தில் இவ்வட்டாரத்துத் தோப்புகளைக் காவல் காப்பதை நாம் அறிவோம். ஒரு தோப்பில் அயலார் நுழைந்தால் காவற்காரர் குரல் கொடுக்கிறார். அடுத்த தோப்பினரும் விழித்துக்கொள்கின்றனர். கொட்டைக்கே இத்துணைக் காவல் வேண்டுமெனில், நம் குழந்தைகளுக்கு எத்தகைய காவல் வேண்டும்?

1989-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. 1992-இல் நம் நாடு அதில் இணைந்தது. வாக்களிப்பவை அரசுகள், அவ்வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பவர் வேறொருவராக இருத்தல் வேண்டும். கணக்கு எழுதியவரையே தணிக்கைக்கு அமர்த்துவாருண்டோ? இக்கருத்துப்பற்றியே நார்வே நாடு 1981-இல் குழந்தைகளுக்கெனக் குறைகேள் அலுவலர் ஒருவரைச் சட்டப்படி அமர்த்தியது. 1997-இல் ஐரோப்பிய நாடுகளின் இத்தகைய அலுவலர்கள் அந்நாட்டின் திரோண்ட்ஹைம் நகரில் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவினர். இன்று 30-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. ஒரு நாட்டார் கண்ட குறையும் தீர்வும் மற்றவர்க்குப் பாடமாகின்றன.

இலங்கை 1998-இல் சட்டமியற்றித் தேசியக் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரசபையைத் தோற்றுவித்தது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 2007-இல் தேசிய ஆணையம் அமைந்தது. பின்னர்த் தமிழ்நாட்டிலும் மாநில ஆணையம் ஏற்பட்டது. விசாரணையின்போது இவ்வாணையங்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. உயர்நீதிமன்றத்தை நாடவும் இயலும். பன்னாட்டு உடன்படிக்கைகளை ஆராய்தலும் அவற்றின் கடமையே. எனினும், அவை தாமே தண்டனை விதிக்க இயலாது, பரிந்துரைக்கவே இயலும். ஆதலின் அரசினர்க்கு அஞ்சாத உறுப்பினரும், பரிந்துரையை மதிக்கும் அரசினரும் இன்றியமையாதவர்.

குழந்தைகளைக் கடத்துவோர்க்கு எல்லையில்லை. ஆகவே காவலர்க்கும் எல்லை தடையாதல் கூடாது. மாநிலமும் மாநிலமும், நாடும் நாடும் செய்தி பகிர்ந்தாலன்றி, தொலைந்த பிள்ளை தாயிடம் மீள்வது அரிது.

இனி நம் ஊருக்கு வருவோம். பள்ளி நேரம் போக, பிள்ளைகள் பெற்றோருக்குச் சிறு உதவி செய்தலை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் 14 வயது நிறையாத பிள்ளையைப் பிறரிடம் வேலைக்கு விடுதல் குற்றமாகும். முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும் வறுமையை நாம் அறியாதவரல்லேம். எனினும் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அக்கடனே செல்லாது என்பதை ஒவ்வொரு தாயும் தந்தையும் உணர்தல் வேண்டும்.

பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் பல நாள் வாராதிருப்பின், ஆசிரியரும் ஊராட்சியினரும் அவ்வீட்டுக்குச் சென்று கேட்டறிக. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் பேசப்படின், தடுக்க முற்படுக. 1098 என்னும் எண்ணைக் குழந்தையும் தானே அழைக்கலாம், கட்டணமில்லை.

உலகத்துக் காவலர் எத்துணைப் பேர் கூடினும், முதற்குரல் ஊரிலிருந்தே எழவேண்டும். அக்குரலை எழுப்புவது நம் கடன்.