அடுத்த கைகாட்டி வரை
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வாழ்க்கைக் குறிக்கோளும் அதனை அடையும் வழியும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் என்னைப் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன் ஒருவனிடம் இப்பொருளை ஒப்படைப்பானேன் என்று கேட்டேன். "இரயில் நேரத்துக்கு வராவிட்டாலும் நீங்கள் நேரத்துக்கு வந்துவிடுவீர்கள்" என்றார். அந்தத் தகுதி ஒன்றைத் துணையாகக் கொண்டே உங்கள் முன் நிற்கின்றேன்.

நம் ஜோகுபாளையத்துப் பிள்ளைகளிடம் "என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். கலெக்டர் என்பான் ஒருவன். டாக்டர் என்பாள் ஒருத்தி. அடுத்த ஜூன் மாதத்தில் என்ன செய்யப் போகிறாய் என்று கேளுங்கள். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் தந்தையின் முகத்தைப் பார்ப்பார். தந்தையோ சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பார்ப்பார். தொலைவில் உள்ளது தெரிகிறது. காலடியில் உள்ளது தெரியவில்லை. நம் குறை இதுதான்.

விழுப்புரத்தில் இரயில்வே தொழில்நுட்பப் பணியாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வீரமுத்துவேல். அவ்வூர் இரயில்வே பள்ளியில் பயின்றார். பத்தாம் வகுப்பு முடித்தபோது மேலே என்ன படிப்பது என்னும் தெளிவு தமக்கு இருந்ததில்லை என்று அவரே பின்னாளில் கூறியுள்ளார். நிலவுக்குக் கலம் அனுப்புவேன் என்று அவர் அன்று சபதம் செய்யவில்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா சேர்ந்தார். இயந்திரவியல் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு சென்னையில் பி.இ., பிறகு திருச்சியில் எம்.இ., பிறகு கோயம்புத்தூரில் இலட்சுமி இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. விமானத்துறையில் நாட்டம் பிறந்ததும் இதே பெங்களூருக்கு வந்து இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தில் ஹெலிகாப்டர்ப் பிரிவில் சேர்ந்தார். அங்கிருந்து இஸ்ரோ. பணியோடு பணியாகச் சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டமும் பெற்றார். 2019இல் சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநரானார். அவர் பணியாற்றும் செயற்கைக்கோள் மையம் நம் வீட்டிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது.

இதில் நான் காண்பது யாது? ஒவ்வொரு படியிலும் அவர் அடுத்த படியைத் தெளிவாகக் கண்டார். அங்கே கால் ஊன்றிய பின்னரே அதற்கு மேற்பட்டது கண்ணுக்குத் தெரிந்தது. படித்தவர் இல்லாத வீடுகளில் பிறந்தவர்க்கு வழி இப்படித்தான் திறக்கும். இரவில் வண்டி ஓட்டுபவர் சென்னை சென்ட்ரலைக் கண்ணால் கண்டுகொண்டா ஓட்டுகிறார்? அவர் கண்ணில் படுவது அடுத்த கைகாட்டி ஒன்றே. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். அறியாத பாதையில் வண்டியை எடுக்க அவருக்கு அனுமதியில்லை. முன்னதாக அப்பாதையில் வேறொருவரோடு சென்று, வளைவு எங்கே, ஏற்றம் எங்கே என்று கற்றிருத்தல் வேண்டும். உங்கள் பிள்ளை செல்ல விரும்பும் வழியில் ஏற்கெனவே சென்றவர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசச் செய்தீர்களா?

"ரயில்வே வேலை வாங்கித் தாருங்கள்" என்று என்னிடம் வருவோர் பலர். எந்த வேலை என்றால் விழிக்கிறார்கள். பாதைப் பராமரிப்பு போன்ற முதல்நிலைப் பணிக்குப் பத்தாம் வகுப்புப் போதும். இளநிலை எழுத்தருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். நிலைய அதிகாரிக்குப் பட்டம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வயது வரம்பு வேறு உண்டு. இவ்வளவையும் ஒரு தாளில் எழுத அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாமல் ஐந்தாண்டுகளைச் செலவிட்டவர்களை நான் அறிவேன்.

கண்டோன்மென்ட் நிலையத்திலிருந்து சிட்டி நிலையம் சில கிலோமீட்டர்தான். ஆனால் கால அட்டவணையில் அதற்குக் கொடுத்துள்ள நேரத்தைக் கண்டு நீங்கள் நகைத்திருப்பீர்கள். அது பிழையன்று. பாதையில் பழுது பார்ப்பார்கள், எதிரே வண்டி வரும், தாமதம் நேரும். அதற்கென்று சில நிமிடங்களை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நிலவுக்குச் சென்றவர்களும் இதனையே செய்தார்கள். 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் தரையிறங்கு கலம் நிலவை நெருங்கியபோது தொடர்பு அறுந்தது. அடுத்த முறை, எவையெவை பிழைக்கக்கூடும் என்று எண்ணி எண்ணித் திட்டமிட்டார்கள். கலத்தின் கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், அரைக் கிலோமீட்டர்ச் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை நான்கு கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். 2023 ஆகஸ்டு 23 மாலை 6.04க்குக் கலம் பத்திரமாக இறங்கியது. நம் திட்டங்களில் காய்ச்சலுக்கு இடமுண்டா? தந்தைக்கு வேலை இல்லாத மாதத்துக்கு இடமுண்டா?

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், ஒன்றை லூப் லைனில் நிறுத்தி மற்றொன்றுக்கு வழிவிடுவார்கள். எங்கள் வீட்டில் லூப் லைனில் நின்றவர் என் அக்காள். என்னினும் இரண்டாண்டு மூத்தவர். எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் பின்னர் வாங்கியதைக் காட்டிலும் நூறு மதிப்பெண்ணுக்கு மேல் வாங்கியவர். ஆசிரியையாக வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாண்டு எங்கள் தந்தையார் சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்து கிடந்தார். "தம்பி படித்து முடிக்கட்டும், நீ சற்றுப் பொறு" என்றார்கள். அக்காள் கார்மெண்ட்ஸ் வேலைக்குச் சென்றார். அவர் வழிவிட்ட வண்டியோ பி.யு.சி. பக்கமே போகவில்லை. சேர்ப்பதற்கென அவர் சேர்த்து வைத்த பணத்தில் நண்பர்களோடு இரண்டாண்டு ஊர் சுற்றினேன்.

பின்னர் இரயில்வேயில் பாதைப் பணியாளனாகச் சேர்ந்தேன். எழுத்தர் பதவிக்கான துறைத்தேர்வில் இருமுறை தோற்றேன். மூன்றாம் முறை அக்காள் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எந்த வாரம் எந்தப் பாடம் என்று கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். நான்காம் ஞாயிறுகள் வெறுமையாக இருந்தன. ஏன் என்றேன். "நீ எப்படியும் ஒரு வாரம் பிந்துவாய்" என்றார். கால அட்டவணை போடும் கலையை அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. அத்தாளால் நான் வென்றேன். அதன் பின் எனக்குத் தாள் இல்லை, மேசையும் மாறவில்லை.

லூப்பில் நிற்கும் வண்டி எத்தனை மணிக்கு நின்றது என்பது கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும். அதற்கு வழி கொடுக்கும் வரை அவர்கள் பொறுப்பு தீராது. எங்கள் வீட்டில் அக்காள் நின்ற நேரத்தை எவரும் பதியவில்லை. எல்லா வண்டிகளும் போய்விட்டன. வீட்டில் பணம் ஒருவருக்கே போதுமானதாக இருந்தால் ஒருவர் காத்திருக்கத்தான் வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பவர் எப்போதும் பெண்பிள்ளையாகவே இருப்பதேன்? எந்த மாதம், எந்த ஆண்டு அவளுக்கு வழி என்பதையும் அன்றே எழுதி வைக்காததேன்?

தேர்வு முடிவுகள் வரும் காலம் நெருங்குகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்க்குப் பாலிடெக்னிக் உண்டு. மூன்றாண்டு டிப்ளோமாவுக்குப் பின் நுழைவுத்தேர்வு எழுதி நேரே பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரும் வழியும் நம் கர்நாடகத்தில் உண்டு. இடையில் நின்றவர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அதில் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வயது உச்சவரம்பு இல்லை.

ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு நம் சங்கப் படிப்பகத்தில் இருப்பேன். விண்ணப்பம் நிரப்ப வேண்டுவோர் மதிப்பெண் சான்றிதழின் நகலும் இரண்டு புகைப்படங்களும் கொண்டு வருக. வரும் ஞாயிறு என் அக்காளும் வருகிறார். கட்டம் போட்டுத் தர அவரைக் கேட்கலாம். ஆனால் முதலில் அவருடைய விண்ணப்பத்தை நான் நிரப்பியாக வேண்டும். அதுவரை சற்றுப் பொறுத்தருளுங்கள்.