புது கேமரா வாங்கும் முன் பழைய படங்களைத் திறந்து பாருங்கள்

(நமது குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பொங்கல் விழாவில் நான் கேமராவோடு அலைந்ததைப் பார்த்துவிட்டு, "சார், என்ன கேமரா வாங்கலாம்?" என்று லிஃப்டில் கேட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஆறாவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் செயலாளர் இந்த ஏற்பாட்டைச் செய்தார். நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கேமரா கேனான் 1300டி. 2016-ல் வந்த மாடல். கூடவே கொடுக்கும் 18-55 லென்ஸ்தான் ரொம்ப நாள் என்னிடம் இருந்தது. 2019-ல் திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம். ஸ்டுடியோக்காரர் எதற்கு, நானே எடுக்கிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஊருக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் கலங்கியிருந்தன. கலசத் தண்ணீர் தலையில் விழும்போது அப்பா சிரிக்கிறார், ஆனால் முகம் தெளிவில்லை. அடுத்த வருஷம் அவர் போய்விட்டார். இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருப்பது என் தங்கை மகன் போனில் எடுத்த படம்.

கேமரா மேல்தான் எனக்குக் கோபம். இரண்டு வருஷம் சேர்த்து அறுபதாயிரம் ஒதுக்கினேன். கடைக்குக் கிளம்பும்போது வீட்டில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "அந்தப் படம் ஏன் அப்படி வந்ததுன்னு தெரிஞ்சுக்கிட்டீங்களா?" எனக்குத் தெரியவில்லை. அன்று கடைக்குப் போகவில்லை.

ஒவ்வொரு படத்தோடும் அது எப்படி எடுக்கப்பட்டது என்கிற விவரம் சேர்ந்தே பதிவாகிறது. ஷட்டர் வேகம், லென்ஸ் எவ்வளவு திறந்திருந்தது, ஐஎஸ்ஓ எவ்வளவு, எல்லாமே இருக்கும். கேமராவிலேயே பார்க்கலாம், கம்ப்யூட்டரில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ப்ராபர்டீஸ் போனாலும் வரும். அப்பா படத்தில் இருந்தது: ஷட்டர் 1/15 நொடி, லென்ஸ் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 800. 1/15 நொடியில் மனிதர் தலையைத் திருப்பினாலே போதும், படம் கலங்கிவிடும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்பீர்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். எதிரில் இருப்பவர் அசைவதை அது என்ன செய்யும்?

இனிதான் கணக்கு. ஐஎஸ்ஓவை 800-க்கு மேல் ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகக் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி அங்கேயே நிறுத்தியிருந்தேன். 3200 வைத்திருந்தால் நான்கு மடங்கு. அதாவது ஷட்டர் 1/60-க்கு வந்திருக்கும். புள்ளி கொஞ்சம் தெரிந்திருக்கும், முகமும் தெரிந்திருக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அடுத்தது லென்ஸ். அந்த எஃப் எண் சிறியதாக ஆக, துளை பெரிதாகும். 18-55 லென்ஸை 55-க்கு இழுத்தால் 5.6-க்குக் கீழே இறங்காது. 50 எம்எம், எஃப் 1.8 என்று ஒரு சின்ன லென்ஸ் இருக்கிறது, ஜூம் கிடையாது. 5.6-ஐ விட அது ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வாங்கும். இரண்டையும் சேர்த்தால் அதே மண்டபத்தில் 1/500 நொடிக்கு எடுத்திருக்கலாம். அதே பழைய கேமராவில்!

அந்த லென்ஸைப் பழையதாக ஐந்தாயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். பொங்கல் அன்று கோலப் போட்டியில் நீங்கள் பாராட்டிய படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை. ஒரு குறை சொல்ல வேண்டும். நம் மாதிரி ஆரம்ப நிலை கேனானில் 50 என்பது 80 எம்எம் போல நெருக்கிக் காட்டும். நம் ஃபிளாட் ஹாலில் குடும்பத்தோடு ஒரு குரூப் போட்டோ என்றால் முதுகு சுவரில் இடிக்கும். வீட்டுக்குள்ளேயே, குழந்தைகளைத்தான் எடுக்கப்போகிறேன் என்பவர்கள் நிக்கான் வைத்திருந்தால் 35 எம்எம் எஃப் 1.8 பாருங்கள். நிக்கான்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: டி3500, டி5600 போன்ற மாடல்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 'டி' வகை லென்ஸ் வாங்கினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

சரி, கேமராவையே மாற்ற வேண்டிய நேரம் வராதா? வரும். எனக்கு வந்துவிட்டது, அதையும் சொல்கிறேன். பழைய 55-250 லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு இரண்டு சீசனாக வேடந்தாங்கலுக்கும் பள்ளிக்கரணைக்கும் போகிறேன். உட்கார்ந்திருக்கும் நாரை நன்றாக வருகிறது. பறக்கும்போது பத்துக்கு ஒன்பது போச்சு. விவரத்தைப் பார்த்தால் ஷட்டர் 1/1600, வெளிச்சமும் தாராளம். ஆனால் ஃபோகஸ் பின்னால் இருக்கும் மரத்தில் நிற்கிறது. 1300டியில் ஃபோகஸ் புள்ளிகள் மொத்தமே 9. நொடிக்கு 3 படம். இங்கே என் கை எவ்வளவு பழகினாலும் ஓரளவுக்கு மேல் போகாது. இந்தப் பத்துக்கு ஒன்பதுக்காகத்தான் பணம் செலவழிக்க வேண்டும்.

இன்று கடையில் காட்டுவது பெரும்பாலும் மிரர்லெஸ். கேனானும் நிக்கானும் 2018-லிருந்து புது மவுண்டுக்கு மாறிவிட்டன. டிஎஸ்எல்ஆர் பழைய விலையில் சல்லிசாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம், நம் போன்றவர்களுக்கு அது லாபம்தான். மிரர்லெஸ்ஸில் எனக்குப் பிடித்தது, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ். 2023-ல் வந்த கேனான் ஆர்50-இல் பறவை, விலங்கு கண்களையும் தேடுகிறது. என் பழைய லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் அதில் வேலை செய்யும். அந்த அடாப்டர், இன்னொரு பேட்டரி, மெமரி கார்டு எல்லாவற்றையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மெகாபிக்சலுக்காக மட்டும் மாற்றாதீர்கள். என்னுடையது 18, ஆர்50 24. கேட்க பெரிய வித்தியாசம். அகலவாக்கில் எண்ணினால் 5184 புள்ளிக்குப் பதில் 6000. உங்கள் வீட்டு 4கே டிவிக்கே 3840 போதும். வாட்ஸப்பில் அனுப்பினால் எல்லாம் ஒன்றுதான்!

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு: லென்ஸின் ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம். நம் சென்னைக் காற்றில் ஈரம் அதிகம், அது சீக்கிரம் வரும். நிக்கான் படக் கோப்பில் இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பது பதிவாகும், கேட்டுப் பாருங்கள். வாங்கியதைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டாதீர்கள். காற்றுப் புகாத பருப்பு டப்பாவும் நான்கு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். எங்கள் சமையலறையில் ஒரு டப்பா குறைந்ததற்கு நான் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதாயிரத்தில் லென்ஸ் இரண்டும் போக நாற்பத்தைந்தாயிரம் வங்கியில் இருக்கிறது. இந்த நவம்பரில் பறவைகள் வந்ததும், ஒரு நண்பரின் ஆர்50-ஐ ஒரு நாள் இரவல் வாங்கி என் 55-250-ஐ மாட்டிப் பார்க்கப் போகிறேன். பத்துக்கு ஐந்தாவது தேறினால் வாங்குவேன்.

கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் யாராவது அந்த 50 எம்எம் லென்ஸைப் பார்க்க விரும்பினால் ஆறாவது மாடிக்கு வாருங்கள், ஒரு வாரம் கொண்டுபோய் உங்கள் வீட்டில் எடுத்துப் பாருங்கள். வரும்போது பேரன் பேத்தி படம் கலங்கி வந்தது ஏதாவது இருந்தால் அதையும் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். விவரத்தைச் சேர்ந்து பார்ப்போம். டப்பாவை மட்டும் மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.