கற்றலின் முக்கால் பங்கு
(மகாவீரர் ஜயந்தி விழாவின் கல்வி அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

தகவல் தொழில்நுட்பத் துறைக்குப் பழகுநர் பயிற்சியை எவ்வாறு அமைப்பது என்பதே இவ்வுரையின் பொருள். கேட்ட மாத்திரத்தில் இது சமண விழாவிற்கு அயலான பொருளாகத் தோன்றலாம். ஆனால், இதற்கு வேண்டிய அடிப்படைக் கணக்கைப் போட்டுத் தந்தவரே ஒரு சமண முனிவர். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அந்நூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பையும், மாணாக்கர் இயல்பையும், பாடம் சொல்லும் முறையையும், பாடம் கேட்கும் முறையையும் வரிசையாக வகுத்துரைக்கிறது.

பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் முனிவர் ஓர் அளவு தருகிறார். ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் எவ்வளவு செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் அவன் புலமையில் கால் பங்கே நிரம்பும். அத்துறையில் ஈடுபட்ட பிறரோடு கலந்து பயிலும்போது இன்னொரு கால் பங்கு சேரும். தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு வந்து கூடும். இலக்கண மாணாக்கனுக்குச் சொன்ன இவ்வளவு, கணினித் திரையின் முன் அமரும் இன்றைய மாணவனுக்கும் அப்படியே பொருந்துகிறது. கல்லூரி தருவது கால் பங்கு. எஞ்சிய முக்கால் பங்கை யார் தருவது என்பதே இன்றைய வினா.

வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து கணினி அறிவியலில் பட்டம் பெற்று வரும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் இரண்டு மூன்று நிரல் மொழிகளைக் கற்றிருக்கிறாள். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறாள். ஆனால், பலர் கூடிப் பல ஆண்டுகளாக எழுதி வைத்த பெரிய மென்பொருளைத் திறந்து, அதனுள் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிய பழக்கம் அவளுக்கு இல்லை. வாடிக்கையாளர் எழுதிய குறைபாட்டைப் படித்து, அவர் உண்மையில் வேண்டுவது இன்னதெனத் தெளிந்த பழக்கமும் இல்லை. தான் செய்யும் திருத்தம் பிறர் வேலையைக் குலைக்காதவாறு சேர்க்கும் முறையும், சேர்க்கும் முன் மூத்தவர் ஒருவரின் மதிப்பாய்வுக்கு அனுப்பும் ஒழுங்கும் அவளுக்குப் புதியவை. இவை அறிவுக் குறைவால் வந்தவை அல்ல. வகுப்பறையில் இவற்றிற்கு இடமில்லாமையால் வந்தவை.

நேர்காணலுக்குச் சென்றால் ‘முன் அனுபவம் உண்டா?’ என்று கேட்கிறார்கள். வேலை கிடைத்தாலன்றி அனுபவம் வாராது; அனுபவம் இருந்தாலன்றி வேலை கிடையாது. இந்த இடைவெளியில்தான் வேண்டாதவர்கள் நுழைகிறார்கள். வேலை உறுதி என்று விளம்பரம் செய்து பெருங்கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்புகளும், முன்வைப்புத் தொகை கேட்கும் தரகர்களும், இல்லாத அனுபவத்திற்குச் சான்றிதழ் விற்போரும் இங்கே பெருகியிருக்கின்றனர். தாயின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. பிள்ளை தன் தொழில் வாழ்வின் முதல் தாளிலேயே பொய் எழுதத் தூண்டப்படுகிறான். வாய்மையை அணுவிரதங்களுள் ஒன்றாகப் போற்றும் குடும்பத்திற்கு, நகையை இழந்ததை விட இது பெரிய இழப்பு.

இத்துடன் அண்மைக் காலத்தில் மற்றொரு நெருக்கடியும் சேர்ந்துள்ளது. முன்பு புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுசிறு வேலைகள் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடிப்பொழுதில் வரைந்து தருகின்றன. எளிய நிரல் எழுதுதல், சோதனைகளை வகுத்தல், விளக்கக் குறிப்பு எழுதுதல் ஆகியவையே புதியவர் ஏறும் முதற்படிகளாக இருந்தன. முதற்படி தேய்ந்துபோனால் அடுத்த படியில் கால் வைப்பது எங்ஙனம்? கருவி தந்த நிரல் சரியா தவறா என்று தேர்ந்து சொல்ல அனுபவம் மிக்கோர் வேண்டும். இன்று புதியோரைப் பழக்காத நிறுவனம் பத்தாண்டுகளுக்குப் பின் அத்தகைய மூத்தோரை எங்கே தேடும்? ஆகவே பழகுநர் பயிற்சி மாணவர்க்குச் செய்யும் உதவி மட்டும் அன்று. தொழில் நிலைபெறுவதற்கும் அதுவே வழி.

இனி, நாட்டில் இதற்கு என்ன ஏற்பாடு உள்ளது என்பதைச் சுருக்கமாகக் காணலாம். தொழிற்பழகுநர் சட்டம் 1961இல் இயற்றப்பட்டது. முதலில் அது தொழிற்சாலைக் கைத்தொழில்களையே பெரிதும் கருதியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் சேர்த்துக்கொண்டது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள், தம் பணியாளர் தொகையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநரைச் சேர்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பட்டதாரிகளுக்கான தேசியத் திட்டத்தில் குறைந்த அளவு உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென்மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியிலேயே இயங்குகிறது. பட்டப் படிப்புக்குள்ளேயே பழகுநர் பயிற்சியை அமைப்பதற்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் 1ஆம் நாள் தொடங்கி, மாணவரின் திறன் மேம்பாட்டில் கருத்துச் செலுத்துகிறது.

சட்டம் இருக்கிறது, உதவித்தொகையும் இருக்கிறது. எனினும் சட்டத்தால் பழகுநருக்கு ஓர் இடம் தர முடியுமேயன்றி, அவருக்கு அருகில் ஒரு வழிகாட்டியை அமர்த்த முடியாது. அதனைச் செய்து காட்டிய நாடு ஜெர்மனி. அந்நாட்டில் கணினித் துறைக்கெனத் தனிப் பழகுநர் தொழில் 1997இல் வகுக்கப்பட்டது. பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள். பழகுநர் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே தொழிற்பள்ளியிலும் பாடம் கேட்கிறார். தொடக்க நாள் முதல் ஊதியம் பெறுகிறார். இறுதித் தேர்வை நடத்துவது அவ்வட்டாரத் தொழில் வணிக அவை. பழகுநர் உண்மையான வேலை ஒன்றைத் தாமே திட்டமிட்டு முடித்து, அதனை எழுத்தில் விவரித்து, தேர்வாளர் முன் நின்று விளக்க வேண்டும். ஏன் இவ்வழியைத் தேர்ந்தீர், வேறு வழி இல்லையா என்ற வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். கற்றதை எடுத்துரைப்பதில்தான் அரைப் பங்கு உள்ளது என்ற பவணந்தியார் கருத்து, அங்கே தேர்வு முறையாகவே நிற்கிறது.

தமிழ்நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. ஜோஹோ நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, பள்ளிக் கல்வியோ பட்டயமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை தந்து பழக்கும் பள்ளியைத் தொடங்கியது. அது சென்னைப் புறநகரோடு நில்லாமல் தென்காசிப் பகுதிக்கும் சென்றது. எச்.சி.எல். நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரைச் சேர்த்துப் பயிற்சி தந்து, பணியில் இருந்தவாறே பட்டம் பெறச் செய்யும் திட்டத்தை நடத்துகிறது. பெருநிறுவனங்கள் இதனைத் தாமே செய்துகொள்ளும். இருபது முப்பது பேர் வேலை செய்யும் சிறு நிறுவனங்களால் தனித்துச் செய்ய இயலாது. அறக்கட்டளை போன்ற அமைப்புக்கு இடம் இருப்பது இங்கேதான். சமுதாயத்தைச் சேர்ந்த வணிகர் பலர் இத்தகைய சிறு நிறுவனங்களை நடத்துகின்றனர். பலர் தம் கடைக்கும் ஆலைக்கும் கணக்கு மென்பொருளும் இணையதளமும் வைத்திருக்கின்றனர். ஐந்தாறு நிறுவனங்கள் கைகோத்தால் ஒரு பயிற்சித் திட்டம் உருவாகிவிடும்.

அத்திட்டத்தில் இன்றியமையாதவை ஐந்து.

முதலாவது, வேலைப் பட்டியல். பழகுநர் எந்த மாதத்தில் எதைச் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்பதை எழுதி வைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் பிழை அறிக்கைகளைப் படித்தலும் மென்பொருளைச் சோதித்தலும். அடுத்து மூத்தவர் துணையோடு சிறு திருத்தங்கள். பின்னர்த் தரவுத்தளமும் சர்வர் பராமரிப்பும். இறுதியில் ஒரு சிறு பணியைத் தனித்துப் பொறுப்பேற்றல். பட்டியல் இல்லாத பயிற்சி ‘இருக்கிற வேலையைப் பார்’ என்பதில் முடியும்.

இரண்டாவது, வழிகாட்டி. நன்னூல் நல்லாசிரியருக்கு நிலத்தையும், மலையையும், துலாக்கோலையும், மலரையும் உவமை காட்டுகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு மடற்பனையையும் பருத்திக் குண்டிகையையும் காட்டுகிறது. மடற்பனையை எவரும் அணுக முடியாது. தானாக உதிர்ந்த பழத்தையே எடுக்கலாம். பருத்தி அடைத்த குடுக்கையிலிருந்து பஞ்சு சிறிது சிறிதாகவே வரும். ‘வேலை மிகுதி, பிறகு வா’ என்று சொல்லும் மூத்த பொறியாளரை இவ்விரண்டு உவமைகளிலும் காணலாம். அவர்மீது முழுக் குற்றம் சுமத்துவதும் முறையன்று. கற்பிக்கும் நேரத்தை வேலை நேரமாக நிறுவனம் கணக்கிடாதபோது அவர் என்ன செய்வார்? ஒரு வழிகாட்டிக்கு இரண்டு மூன்று பழகுநர்க்கு மேல் ஒப்படைக்கலாகாது. வாரத்தில் சில மணி நேரம் அவருக்கு அதற்கென்றே ஒதுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, நாட்குறிப்பு. இன்று என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், யாரிடம் கேட்டுத் தெளிந்தேன் என்று பழகுநர் நாள்தோறும் எழுத வேண்டும். வழிகாட்டி வாரந்தோறும் படித்துக் கையொப்பமிட வேண்டும். தன் பிழையைத் தானே கூறித் திருந்துவது சமண ஒழுக்கத்தில் நாள்தோறும் பயிலும் பழக்கம். மென்பொருள் துறையில் சிறந்து விளங்குவோரும் தம் பிழையை மறைக்காதவரே.

நான்காவது, உதவித்தொகை. வறிய வீட்டுப் பிள்ளை ஓராண்டு ஊதியமின்றிக் கற்க முடியாது. முதலாம் ஆதித்த சோழன் காலத்து வேடல் கல்வெட்டு இங்கே நினைவுகூரத்தக்கது. கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் ஆசிரியரிடம் ஐந்நூறு மாணவியர் பயின்றனர். அவர்களைக் காப்பதற்கும் அவர்கட்கு உணவளிப்பதற்கும் ஊரார் பொறுப்பேற்றனர். கற்பவரின் வயிற்றைப் பிறர் கவனித்தால்தான் கல்வி நடக்கும் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இம்மண்ணின் சமணர் அறிந்திருந்தனர். அரசு தரும் பங்கு போக, நகர விடுதிச் செலவை அறக்கட்டளை ஏற்கலாம். சிற்றூர்ப் பெண்கள் பயிற்சியைப் பாதியில் விட்டுவிடாமல் காப்பது பெரும்பாலும் பாதுகாப்பான விடுதியே.

ஐந்தாவது, தேர்வும் சான்றும். பயிற்சி தந்தவரே மதிப்பெண் இடாமல், வேறு நிறுவனத்து மூத்தோர் இருவர் பழகுநரின் வேலையைப் பார்த்து, விளக்கம் கேட்டு மதிப்பிட வேண்டும். அச்சான்றிதழ் உண்மையான அனுபவத்தைச் சொல்லும். விலைக்கு வாங்கிய தாள் அதன்முன் நில்லாது.

தொழில் முனைவோர் நெஞ்சில் கொள்ளத்தக்க ஒன்றையும் இங்கே கூறியாக வேண்டும். சட்டத்தின்படி பழகுநர் தொழிலாளர் அல்லர், பயிற்சி பெறுபவர். பயிற்சி முடிந்ததும் வேலை தரும் கடப்பாடும் நிறுவனத்திற்குப் பொதுவாக இல்லை. இதனைக் குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கும் வழியாகக் கொள்வோர் உண்டு. ஓராண்டு முழுதும் ஒரே வகைத் தரவுப் பதிவைச் செய்வித்து, எதையும் கற்பியாது அனுப்பிவிட்டால், அந்த இளைஞனின் வாழ்நாளில் ஓராண்டு களவு போயிற்று. கள்ளாமை விரதம் பிறர் பொருளுக்கு மட்டுமன்றிப் பிறர் காலத்திற்கும் உரியது. கற்பிக்க மனமில்லாதவர் பழகுநரைச் சேர்க்காதிருத்தலே நேர்மை.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். நன்னூல் முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை சொல்கிறது. பாலையும் நீரையும் பிரித்தறியும் அன்னம்போலக் கருவி தரும் விடையில் கொள்ளத்தக்கதைத் தேர்ந்து கொள்ள வேண்டும். கிடைத்த இடத்தில் மேய்ந்து பின்னர் அமைதியாக அசைபோடும் பசுவைப்போலப் பகலில் கண்டதை இரவில் எண்ணிப் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பின் வரும் பழகுநருக்கு நீங்களே முதல் வழிகாட்டி ஆகுங்கள். அரைப் பங்கு அங்கேதான் காத்திருக்கிறது.

உணவு, மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும். கல்லூரிக் கட்டணம் கட்ட உதவுவது சாத்திர தானத்தின் பாற்படும். அதனை இவ்வறக்கட்டளை செவ்வனே செய்து வருகிறது. பட்டம் பெற்ற பின் எங்கே போவது என்று அஞ்சி நிற்கும் பிள்ளைக்கு ஓரிடமும் ஒரு வழிகாட்டியும் காட்டுவது அபய தானம். வரும் கல்வியாண்டில் ஐந்து நிறுவனங்கள் இருவர் வீதம் பத்துப் பழகுநரை ஏற்க முன்வந்தால் அதுவே நல்ல தொடக்கமாகும். விழா முடிந்து பந்திக்குச் செல்லும் முன், அப்பொறுப்பை ஏற்போர் தம் பெயரைச் செயலாளரிடம் எழுதித் தருவாராக.

அறம் தழைக்க! கல்வி ஓங்குக! ஜெய ஜினேந்திரா!