சோம்பல் அல்ல, சோர்வு

 

வேலை அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். அதற்கும் முந்தைய ஒரு வருஷத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2007-08-ல் நான் பிளஸ் டூ. காலை 4 மணிக்கு எழுந்து டியூஷன், அப்புறம் பள்ளி, மறுபடி டியூஷன், ராத்திரி 11 வரை படிப்பு. டிசம்பரில், இயற்பியல் புத்தகத்தில் ஒரே பக்கத்தை ஒரு மணி நேரம் பார்ப்பேன், ஒன்றும் ஏறாது. தங்கையிடம் எரிந்து விழுவேன். பிடித்த கணக்குகூடக் கசந்தது. 'சோம்பேறி ஆயிட்டோம்' என்று தூக்கத்தை இன்னும் குறைத்தேன். அரையாண்டுத் தேர்வில், நன்றாகத் தெரிந்த கணக்கையே பாதியில் விட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி, "என்னால முடியலம்மா" என்றேன். அம்மா திட்டவில்லை. "முதல்ல தூங்குடா" என்றார். காலை டியூஷனை நிறுத்தினோம். சாயங்காலம் அரை மணி நேரம் ஷட்டில். பழையபடி ஆக ஒரு மாதம் ஆச்சு. கட்-ஆஃப் நினைத்ததைவிட 3 மார்க் குறைவு. அதனால்தான் இந்தக் கல்லூரி கிடைத்தது. நஷ்டமா என்று என் நண்பர்களைக் கேளுங்கள்!

மோட்டார் சூடேறினால் லோடைக் குறைக்கிறோம், மோட்டாரைத் திட்டுவதில்லை. பிள்ளைகளுக்கும் அதேதான். அந்த வயதில் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வாரக்கணக்கில் இருந்தால், மார்க்கைக் கேட்காதீர்கள். தூங்கினாயா என்று கேளுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். 14416-ல் கட்டணமில்லாமல் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கிறது.

'முடியவில்லை' என்று சொல்வது தோல்வி இல்லை, தம்பிகளே. சொன்னதால்தான் இங்கே நிற்கிறேன்.